வாய்க்குள் இரும்பு, கன்னத்தில் வெள்ளி

மலாக்கா நகரின் பழைய பகுதியில் ஜாலான் துக்காங் பெசி என்றொரு தெரு உண்டு. இரும்புக் கொல்லர் தெரு என்பது பொருள். அதையடுத்து வருவது ஜாலான் துக்காங் எமாஸ், அதாவது பொற்கொல்லர் தெரு. 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் இந்தப் பொற்கொல்லர் தெருவில்தான் இருக்கிறது. அதற்கும் மூத்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும் அதே தெருவில்தான். மாசி மகத்தின்போது செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு வெள்ளி இரதம் புறப்படுவதைப் பார்க்கச் சின்ன வயதில் இங்கே வந்து நின்றிருக்கிறேன். தெருக்களின் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. பட்டறைகள் இருந்த இடங்களில் இப்போது பெரும்பாலும் தங்கும் விடுதிகளும் நினைவுப்பொருள் கடைகளும்தாம்.

இந்த இரண்டு தெருக்காரர்களும் கைகோத்தால் மட்டுமே செய்யக்கூடிய பொருள் ஒன்றைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுதப் போகிறேன். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாடு மேய்க்கும் குதிரை வீரர்கள் தங்கள் குதிரைக்குப் பூட்டும், வெள்ளி பதித்த கடிவாள இரும்பு அது. முதலில் கொல்லன் வேலை, பிறகு தட்டான் வேலை. இரண்டும் ஒரே கையில் அமைந்துவிட்டால் அந்தக் கைக்கு அங்கே பெரிய மரியாதை.

தோட்டத்துப் பிள்ளைக்குக் குதிரைக் கடிவாளத்தோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். காரணம் இரண்டு.

2015-இல் யூபிஎஸ்ஆர் தேர்வு முடிந்த கையோடு எங்கள் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு மாணவர்களை அலோர் காஜா பக்கமுள்ள அ ஃபமோசா உல்லாசத் தளத்திற்குச் சுற்றுலா அழைத்துச் சென்றார்கள். அங்கே அப்போது ‘கவ்பாய் டவுன்’ என்றொரு பகுதி இருந்தது. சினிமாவில் பார்த்த மரவீடுகள், அகன்ற தொப்பிகள், குதிரைகள். பேருந்தில் வந்த அத்தனை பேரும் குதிரையைத் தொட ஓடினார்கள். நான் மட்டும் ஒரு குதிரையின் வாயோரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கன்னத்தின் இரு பக்கமும் வளைந்த உலோகத் தண்டுகள் மின்னின. வெள்ளி என்று நினைத்துக்கொண்டேன். நிக்கல் பூச்சாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த மினுக்கம் உள்ளே எதில் போய் முடிகிறது என்பதுதான் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது. என்னைக் குதிரையருகே அழைத்த ஆசிரியரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கான காரணம் மூன்றாண்டு முந்தையது. என் தாத்தா ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் மாட்டு வண்டி ஓட்டியவர். முதலில் பால்மரக் காலம், பிறகு செம்பனைக் குலை. ஓய்வு பெற்ற பின்னும் கோயில் இரதம் இழுக்கவென்று இரண்டு காளைகளை வைத்திருந்தார். 2012-இல் எனக்கு 9 வயது. ஒரு நாள் மாலை மேய்ச்சலிலிருந்து திரும்பும்போது ஒரு காளையின் கயிற்றை என் கையில் கொடுத்தார். கால்வாய் ஓரத்தில் அது நின்றுவிட்டது. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு கைகளாலும் வெடுக்கென்று இழுத்தேன். மூக்கணாங்கயிறு ஏறியிருந்த இடத்தில் இரத்தம் வந்துவிட்டது. தாத்தா திட்டவில்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டார். இரவு சாப்பிடும்போதுதான் சொன்னார்: “கயிறு மாட்டுகிட்டப் பேசுறதுக்கு, கண்ணு. நீ காதுல போயி கத்திட்டே.”

தாத்தா இப்போது இல்லை. விலங்கின் உடம்பில் ஒரு பொருளை மாட்டி அதனோடு மனிதன் பேசுவது எப்படி என்ற கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. பல்கலைக்கழக நூலகத்தில் பாடத்திற்குச் சம்பந்தமில்லாத புத்தகங்களைப் புரட்டிய நாள்களில் அது இந்த வெள்ளிக் கடிவாளத்தில் கொண்டுவந்து விட்டது.

பல் இல்லாத இடம்

முதலில் சொற்களைச் சரிசெய்து கொள்வோம். தமிழில் கடிவாளம் என்றால் தலையில் பூட்டும் வார், வாய்க்குள் போகும் இரும்பு, கையில் பிடிக்கும் வார் என எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறோம். லகான் என்றாலும் அப்படித்தான். நான் எழுத வந்தது வாய்க்குள் போகும் இரும்பையும் அதன் இரு முனைகளிலும் கன்னத்தையொட்டி நிற்கும் தண்டுகளையும் பற்றி. அதை மட்டும் தனித்துச் சொல்ல ‘வாயிரும்பு’ என்று இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

மலாயில் இதற்குக் கெக்காங் என்று பெயர். நம் நாளேடுகள் “விலையேற்றத்திற்குக் கடிவாளம்” என்று தலைப்பிடுவது போலவே மலாய் நாளேடுகளும் குற்றச்செயலை ‘மெங்கெக்காங்’ செய்வதாக எழுதுகின்றன. இடைநிலைப்பள்ளியில் முதன்முதலாக அந்தச் சொல்லை மலாய்க் கட்டுரையில் எழுதியபோது இரு மொழிக்காரர்களும் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்களே என்று வியந்தேன். கடிவாளம் என்றாலே அடக்குவது. இந்த ஒரு பொருளைத்தான் நாம் அந்தச் சொல்லுக்கு மிச்சம் வைத்திருக்கிறோம்.

குதிரையின் வாயமைப்பு சற்று விசித்திரமானது. முன்பக்கம் புல்லைக் கடிக்கும் வெட்டுப்பற்கள். பின்பக்கம் அரைக்கும் கடைவாய்ப் பற்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, ஈறு மட்டும் இருக்கும் வெற்றிடம் ஒன்று உண்டு. ஆண் குதிரைக்குச் சிறிய கோரைப்பல் ஒன்று அங்கே முளைப்பதுண்டு. மற்றபடி காலியிடம். வாயிரும்பு அமர்வது அந்த இடைவெளியில், நாக்கின் மேலும் ஈறின் மேலும். பற்களுக்கிடையே கடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது தொடும் இடம் மிக மெல்லிய தோல். அடியிலேயே எலும்பு. கை கொஞ்சம் முரடானாலும் புண்ணாகிவிடும் இடம்.

வாயிரும்பில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஸ்னாஃபிள் எனப்படுவது எளியது. நடுவில் மூட்டுள்ள ஒரு தண்டு, இரு முனைகளிலும் வளையங்கள், வளையத்திலேயே வார். ஒரு கிலோ எடையளவு இழுத்தால் கிட்டத்தட்ட அதே அளவுதான் வாய்க்குப் போய்ச் சேரும். கர்ப் எனப்படும் இரண்டாவது வகையில் கன்னத்தண்டு நீளமானது. மேல் வளையம் தலைவாரோடு இணையும். கீழ் வளையத்தில் கைவார். தாடைக்கு அடியில் ஒரு சங்கிலி. இடைநிலைப்பள்ளி அறிவியலில் ‘துவாஸ்’ என்று மனனம் செய்தோமே, அந்த நெம்புகோல்தான் இது. வாய்த்தண்டிலிருந்து மேல் வளையம் 2 அங்குலத்திலும் கீழ் வளையம் 6 அங்குலத்திலும் இருந்தால், கையில் ஒரு பங்கு இழுப்பு தாடைச் சங்கிலியில் மூன்று பங்காக இறுகும். வெள்ளி பதித்த வாயிரும்புகள் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். வேலைப்பாட்டுக்கு இடம் தருவது அந்த நீண்ட கன்னத்தண்டு.

இந்தக் குடும்பத்திலேயே மிக அஞ்சப்படுவது கலிபோர்னியாவின் ஸ்பேட் வகை. வாய்த்தண்டின் நடுவிலிருந்து கரண்டிபோல ஒரு தட்டு மேலண்ணத்தை நோக்கி எழுந்து நிற்கும். இரு பக்கமும் செம்புக் கம்பி சுற்றிய தாங்கிகள். நடுவே ஒரு செம்பு உருளை. குதிரை நாக்கால் அதை உருட்டும்போது கிறீச்சென்று சத்தம் வருமாம். அதனால் அதற்குச் சிள்வண்டு என்றே பெயர். படத்தில் பார்த்தபோது எனக்குக் கால்வாய் ஓரக் காளைதான் நினைவுக்கு வந்தது. இதை ஒரு விலங்கின் வாயில் வைக்கிறவர்களுக்கு மனசாட்சி உண்டா என்று நினைத்தேன். தொடர்ந்து படித்தபோதுதான் கதை வேறாக இருந்தது.

ஏழாண்டுப் படிப்பு

அமெரிக்கப் பெருநிலத்தில் குதிரை அற்றுப்போய்ப் பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து, 1519-இல் ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் 16 குதிரைகளோடு மெக்சிக்கோவில் இறங்கினார். ஸ்பானியர்களின் குதிரையேற்றத்தில் அரபு மூர்களிடம் கற்ற பாணியும் கலந்திருந்தது. மாட்டுப் பண்ணைகள் பெருகியபோது அங்கே உருவான தொழிலாளிக்கு வக்கேரோ என்று பெயர். மாடு என்பதற்கான ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. மாட்டுக்காரர் என்று நாம் தாராளமாக மொழிபெயர்க்கலாம். 1769-இல் ஸ்பானியர்கள் கலிபோர்னியாவில் குடியேறத் தொடங்கியதும் வக்கேரோக்களும் வந்தனர். பிற்பாடு ஆங்கிலம் பேசும் கவ்பாய்கள் அவர்களிடம்தான் தொழிலைக் கற்றார்கள். நெவாடா, ஓரிகன் பக்கத்தில் இன்றும் அவர்களுக்குப் ‘பக்கரூ’ என்று பெயர். வக்கேரோ என்ற சொல் நாவில் தேய்ந்ததுதான்.

இவர்களுடைய முறையில் இளங்குதிரையின் வாய்க்குள் முதலில் எதுவுமே போகாது. மூக்கின் மேல் பச்சைத்தோல் பின்னிய ஒரு வளையம் மட்டும். ஹாக்கமோர் என்பார்கள். இதற்குக் காரணம் உண்டு. குதிரைக்குப் பால்பற்கள் விழுந்து நிலையான பற்கள் முழுதும் முளைத்து முடிய ஏறத்தாழ 5 வயதாகிறது. பல் முளைக்கும் வாயில் இரும்பை வைத்தால் வலி, வலியினால் முரட்டுத்தனம், பிறகு வாழ்நாள் முழுக்கப் பயம். ஆகவே முதல் சில ஆண்டுகள் மூக்கு வளையத்திலேயே திரும்ப, நிற்க, பின்வாங்கக் கற்றுக்கொள்ளும்.

அடுத்த படி இரட்டை வார். மெல்லிய மூக்கு வளையமும் இருக்கும், வாயிரும்பும் இருக்கும். ஆனால் வாயிரும்பின் வாரைத் தொடமாட்டார்கள். குதிரை அதைச் சும்மா சுமந்து பழகும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூக்கிலிருந்து வாய்க்குப் பேச்சு மாறும். கடைசியில்தான் வாயிரும்பு மட்டும். ஐந்து, ஆறு, ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம். நம் கல்வி முறையில் கணக்கிட்டால் படிவம் ஒன்றில் தொடங்கி மேல்நிலை ஆறாம் படிவத்தில் முடிகிற காலம்.

அந்த நிலைக்கு வந்த குதிரையின் மீது ஏறியவர் வாரை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். வார் தொய்ந்தே தொங்கும். அதன் முனையில் கோத்திருக்கும் சிறு சங்கிலியின் கனம் வாயிரும்பை ஒரு கோணத்தில் நிறுத்தி வைத்திருக்கும். விரல் லேசாக உயர்ந்தால் சங்கிலியின் கனம் மாறும். தண்டு மயிரிழை நகரும். நாக்கின் மேல் அமர்ந்திருக்கும் கரண்டி அந்த அசைவைச் சொல்லும். இழுப்பு என்பது வருவதற்கு முன்பே குதிரை திரும்பிவிடும். அந்தப் பயங்கரமான கரண்டியின் வேலை இவ்வளவுதான். நாக்கில் பரவலாக அமர்ந்திருப்பதால் மிகச் சிறிய அசைவும் அதற்குத் தெரிகிறது. இதே பொருளை அவசரக்காரன் கையில் கொடுத்தால் அது ஆயுதம் என்பதையும் அதைச் செய்கிறவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். கற்றுத் தேறாத குதிரைக்கும் கை பண்படாத மனிதனுக்கும் ஸ்பேட் கூடாது என்பது அவர்களுடைய விதி.

வெள்ளி இங்கேதான் வருகிறது. மூக்கு வளையத்திற்கு வெள்ளி கிடையாது. பல ஆண்டுகள் பொறுத்துத் தேறிய குதிரைக்கே வெள்ளி பூட்டிய வாயிரும்பு. ஊரில் யாராவது அதைப் பார்த்தால் முதலில் வெள்ளியின் விலையை எண்ணமாட்டார்கள், அந்தக் குதிரையும் அதன் ஆளும் கழித்த ஆண்டுகளைத்தான் எண்ணுவார்கள். பட்டமளிப்பு விழா அங்கியைப் போல என்று எழுத நினைத்தேன். நம்மில் சிலர் அங்கி வாங்கிய விதத்தை நினைத்து எழுதாமல் விடுகிறேன்.

இரும்பில் வெள்ளி இறங்கும் விதம்

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இதில்தான் நம்மவர்களின் கைவேலை நினைவுக்கு வருகிறது.

வாய்த்தண்டுக்குப் பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகைப் பழைய முறைக்காரர்கள் விரும்புவதில்லை. துருப்பிடிக்கக்கூடிய மென்மையான இரும்பே வேண்டும். அந்தத் துருவின் சுவை குதிரைக்குப் பிடிக்கும், வாயில் உமிழ்நீர் ஊறும் என்பது அவர்களின் நம்பிக்கை. ‘இனிப்பு இரும்பு’ என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். செம்பு சேர்ப்பதும் அதற்காகத்தான். ஈரமான வாய் தளர்ந்த வாய், காய்ந்த வாய் இறுகிய வாய் என்பது கணக்கு.

கன்னத்தண்டை இரும்புத் தகட்டில் வரைந்து, அறுத்து, அரத்தால் உருவம் தேய்க்கிறார்கள். பிறை, விண்மீன், இலை, சீட்டுக்கட்டின் ஆட்டின், இஸ்பேட் வடிவங்கள் எனப் பல உருவங்கள் உண்டு. ‘சாந்தா பார்பரா’ என்று கலிபோர்னிய ஊரின் பெயரிலேயே ஒரு கன்னத்தண்டு வடிவம் உண்டு.

வெள்ளியைச் சேர்க்க இரண்டு வழிகள். எளிய வழி, வெள்ளித் தகட்டை வெட்டி இரும்பின் மேல் பற்றவைப்பது. கடினமான வழி, பதிப்பது. உளியால் இரும்பில் பள்ளம் வெட்ட வேண்டும். வாய் குறுகி அடி விரிந்திருக்க வேண்டும் அந்தப் பள்ளம். பிறகு வெள்ளித் துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டினால் மென்மையான வெள்ளி பரவி, அடியில் விரிந்த இடத்தை நிரப்பி, தானே பூட்டிக்கொள்ளும். ஒட்டுப்பொருள் எதுவும் இல்லை. இரும்போடு சமமாக அரத்தால் தேய்த்து, கூர்உளியால் பூவேலை செதுக்கி, கடைசியில் இரும்பை மட்டும் நீலமாகவோ பழுப்பாகவோ நிறமேற்றுவார்கள். பழுப்பு என்பது துருவையே அடக்கி ஏற்றுவதுதான். இருண்ட இரும்பில் வெள்ளி அப்போதுதான் எழுந்து நிற்கும்.

இதைப் படித்ததும் எனக்குப் பீதர் நினைவுக்கு வந்தது. கர்நாடகத்தின் பீதர் நகரில் துத்தநாகமும் செம்பும் கலந்த உலோகத்தில் இதே போலப் பள்ளம் வெட்டி வெள்ளி தட்டிப் பதித்து, உலோகத்தை மட்டும் கறுப்பாக்குகிறார்கள். பற்றவைக்கும் முறையைப் பார்க்கும்போது தஞ்சாவூர்க் கலைத்தட்டு நினைவுக்கு வரும். பித்தளைத் தட்டின் மேல் வெள்ளியிலும் செம்பிலும் புடைத்த உருவங்களைப் பொருத்துவது அது. நம் வீட்டு வரவேற்பறைகளில் யாரோ பரிசளித்தது ஒன்றாவது தொங்கும், தூசி தட்டாமல்.

அமெரிக்கப் பக்கத்தில் பெயர் பெற்றவர்களில் ஒருவர் ஜி. எஸ். கார்சியா. மெக்சிக்க வம்சாவளியினர். நெவாடா மாநில எல்கோ என்ற சிற்றூரில் சேணக்கடை நடத்தினார். 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய வெள்ளி வேலைப்பாட்டுச் சேணம் தங்கப்பதக்கம் வென்றது. அவர் பெயர் தாங்கிய வாயிரும்புகளை அதே ஊரில் இன்றும் செய்கிறார்கள். இன்னொரு செய்தி நம் கழகத்தினருக்குப் பிடிக்கும். அதே எல்கோவில் 1985 முதல் பக்கரூக்களும் கவ்பாய்களும் கூடிக் கவிதை வாசிக்கும் விழா ஒன்று குளிர்காலத்தில் நடந்துவருகிறது. மாடு மேய்ப்பவர்களின் கவியரங்கம்!

வெள்ளி எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு மெக்சிக்கோவின் சுரங்கங்களிலிருந்து. 1546-இல் சக்காத்தேக்காசில் கண்டுபிடிக்கப்பட்ட வெள்ளி, உலகின் பணப்புழக்கத்தையே மாற்றியது. வெள்ளி நாணயத்தை உருக்கியும் தட்டியும் வேலை செய்த கைவினைஞர்கள் உண்டு. இப்போது மலாக்காவுக்கு வாருங்கள். 1903-இல் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளுக்கென்று தனி நாணயம் வெளிவரும் வரை, மலாக்காவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் புழங்கிய முக்கியமான நாணயங்களில் ஒன்று மெக்சிக்க வெள்ளி நாணயம். தோட்டத்திற்கு வந்த நம் முன்னோர்களின் சம்பளத்தையும் அந்த வெள்ளியில்தான் எண்ணியிருப்பார்கள். ரிங்கிட் வந்து எத்தனையோ காலமாகியும் நம் பாட்டிமார் “பத்து வெள்ளி கொடு” என்று கேட்பது அதன் எச்சம்தான். வக்கேரோவின் கன்னத்தண்டில் மின்னியதும் துக்காங் எமாஸ் தெருவில் கொலுசாக மாறியதும் ஒரே மலையின் வெள்ளியாக இருந்திருக்கக்கூடும் என்று எண்ணும்போது எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்கிறது.

நம் குதிரைகள்

தமிழ்நாட்டுக்குக் குதிரை பெரும்பாலும் கடல்வழி வந்த விலங்கு. காவிரிப்பூம்பட்டினத் துறையில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. மாணிக்கவாசகர் வரலாற்றில் பாண்டியன் பொன் கொடுத்தனுப்பியதும் குதிரை வாங்கத்தான், நரி பரியான கதை நம் எல்லாருக்கும் தெரியும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரபுக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வாங்கப்பட்டதாகவும், பேணத் தெரியாததால் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் இறந்ததாகவும் குறிப்பிடுகிறார். வேகவைத்த சோறும் இறைச்சியும் தீனியாகப் போட்டார்களாம். வெளிநாட்டு வணிகர் சொல்லைக் கேட்டு எழுதியதில் மிகை இருக்கலாம். ஆனாலும் வாங்கும் பணம் இருந்து பேசும் பழக்கம் இல்லாமல் போனதை அந்தக் குறிப்பு காட்டுகிறது என்றே நினைக்கிறேன்.

கல்லில் நாம் குதிரையை நன்றாகவே கையாண்டிருக்கிறோம். திருவரங்கம் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால்களை உயர்த்தி எழும் குதிரைகள் விசயநகர, நாயக்கர் காலத்துச் சிற்பிகளின் சாதனை. அவற்றின் படங்களை உருப்பெருக்கிப் பார்த்தேன். தலைவார், கன்னத்து அணி, வாயோரத்தில் இறுகிய வார் என எல்லாம் இருக்கின்றன. நம் கோயில்களில் சுவாமி புறப்பாட்டுக்கான வெள்ளிக் குதிரை வாகனத்திற்கும் வாயில் கடிவாளம் உண்டு. மரத்தின் மேல் வெள்ளித்தகடு போர்த்திய குதிரைக்கு வலி ஏது? இருந்தாலும் சிற்பி அதை விட்டுவிடவில்லை.

உயிருள்ள குதிரையின் கதைதான் நெருடுகிறது. வட இந்தியாவில் மணமகன் ஊர்வலத்திற்கு வரும் குதிரைகளைத் திரையில் பார்த்திருப்பீர்கள். நெற்றியிலும் கழுத்திலும் வெள்ளியும் சரிகையும். அவற்றில் சிலவற்றின் வாய்க்குள் இருப்பது முள் வாயிரும்பு. தண்டைச் சுற்றிக் கூர்முனைகள் இருக்கும். இழுத்தால் நாக்கும் உதடும் கிழியும். இந்தியாவில் 1965-ஆம் ஆண்டு விதிகளே இத்தகைய முள் பொருத்திய கருவிகளைத் தடை செய்துள்ளன. அப்படியும் விலங்குநல அமைப்புகள் இந்த நூற்றாண்டிலும் அவற்றைப் பறிமுதல் செய்யப் போராட வேண்டியிருந்திருக்கிறது. ஸ்பேட் வகையையும் இதையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் உண்டு. நான் வைக்கமாட்டேன். ஸ்பேட்டின் முன்னே பல ஆண்டுக் கல்வி இருக்கிறது. முள்ளின் முன்னே எதுவும் இல்லை, அன்றிரவு ஊர்வலம் முடிய வேண்டும் என்ற அவசரத்தைத் தவிர. கால்வாய் ஓரத்தில் என் கையில் இருந்த அவசரமும் அதுதான். நான் வேறு ஆள் இல்லை.

வாயிரும்பே வேண்டாம், மூக்கு வளையமே போதும் என்று வாதிடும் குதிரைக்காரர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்திற்கும் வலு உண்டு. ஆனால் மூக்கிலும் நரம்பு உண்டு, எலும்பு உண்டு. என் காளைக்கு வாயில் ஒன்றும் இல்லை, மூக்கில்தான் இருந்தது.

பத்தர்

இந்தக் கட்டுரைக்காகச் சென்ற விடுமுறையில் மலாக்காவில் எங்கள் குடும்பத்திற்குத் தாலி செய்து கொடுத்த பத்தரைப் பார்க்கப் போனேன். எழுபதைத் தாண்டியவர். பட்டறை இப்போது அவர் வீட்டின் பின்கட்டில். பொற்கொல்லர், முடிதிருத்துநர், ஜவுளி ஆகிய மூன்று துறைகளுக்கும் 2009-லிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர் சேர்ப்பு முடக்கப்பட்டிருந்ததும், 2023-இல் அரசு மீண்டும் அனுமதித்ததும் நாம் நாளேடுகளில் படித்தவை. பத்தருக்கு அந்த அனுமதி வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. “எனக்குக் கையாள் வேண்டிய காலத்துல வரல தம்பி. இப்ப வேலையே வரல” என்றார். நகைகள் அச்சில் வார்த்து வருகின்றன. அவருக்கு வருவது அறுந்த சங்கிலிகளும் தொலைந்த திருகாணிகளும். அவருடைய மகன் ஆயர் குரோவில் கணினித் துறையில் இருக்கிறார். குறையாகச் சொல்லவில்லை.

கைப்பேசியில் ஒரு பழைய கலிபோர்னிய வாயிரும்பின் படத்தைக் காட்டினேன். இருண்ட கன்னத்தண்டில் வெள்ளிப் பிறையும் கொடிகளும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பள்ளத்தை எப்படி வெட்டியிருப்பான், உளி எந்தக் கோணத்தில் போயிருக்கும் என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினார். கொடியின் ஒரு வளைவில் கை சற்றுத் தடுமாறியிருப்பதை நான் சொல்லாமலே கண்டுபிடித்தார். இரும்பில் தான் பதித்ததில்லை, ஆனால் தன் தகப்பனார் கத்திப் பிடியில் வெள்ளி இறக்கியதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

இது எதற்கு என்று கேட்டார். குதிரை வாயில் போடுவது என்றேன். கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்க நீட்டியவர், மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வெளிப்பக்கம் சரி தம்பி. உள்ள நாக்குல படுற பக்கத்த எப்படி ராவியிருக்கான்? அதக் காட்டு.”

நான் வைத்திருந்த படங்கள் எல்லாமே வெள்ளி தெரியும்படி எடுத்தவை. உள்பக்கம் ஒன்றிலும் இல்லை. தேடிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.